கிதாரும் சிதாரும்

இசைக்கு நாடு இல்லை, மொழி இல்லை என்று நாம் மேடைகளில் பலமுறை பேசக் கேட்டிருக்கிறோம். பேசுவது எளிது. அதைத் தம் வாழ்க்கையாலேயே மெய்ப்பித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு இசைக் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன். 'பீட்டில்ஸ்' என்று உலகம் கொண்டாடிய நால்வர் குழுவில் கிதார் வாசித்தவர் அவர். பாடல்கள் இயற்றினார், பாடினார். நம் நாட்டுச் சிதாரையும் கையில் எடுத்தார். பசியால் வாடிய வங்கத்து மக்களுக்காக முதன்முதல் மாபெரும் இசைவிழா எடுத்தவரும் அவரே. 2001-ஆம் ஆண்டு மறைந்த அந்த மனிதரின் வாழ்வில், மாணவியராகிய நாம் கற்றுக்கொள்ளத் தக்கவை பல உள்ளன. பின்பற்றத் தக்கவையும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கவையும் உண்டு.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடமேற்கில் கடலோரம் அமைந்த துறைமுக நகரம் லிவர்பூல். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க மக்கள் அங்கே ஏராளம். அந்நகரில் ஆர்னால்டு குரோவ் என்னும் சந்தில், 12-ஆம் எண் வீட்டில், 1943-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை ஹெரால்டு பேருந்து நடத்துநர். தாய் லூயிஸ் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கப் பெண்மணி. நான்கு பிள்ளைகளில் ஜார்ஜே கடைக்குட்டி. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. குளிருக்கு ஒரே ஒரு கரி அடுப்பு. கழிப்பிடமோ வீட்டிற்கு வெளியே. செல்வம் இல்லாத வீடு அது. ஆனால் அன்புக்கும் பாட்டுக்கும் குறைவில்லாத வீடு.

குழந்தை ஜார்ஜுக்குக் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. லிவர்பூல் இன்ஸ்டிடியூட் என்னும் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும், பாடப் புத்தகத்தின் ஓரங்களில் கிதார் படம் வரைந்துகொண்டிருந்தவர் அவர். மகனின் ஆசையை அறிந்த பெற்றோர் அவருக்கு ஒரு பழைய கிதாரை வாங்கித் தந்தனர். அதன் விலை மூன்றரைப் பவுன். பேருந்து நடத்துநரின் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. விரல் நுனிகள் புண்ணாகும் வரை சிறுவன் வாசித்துப் பழகினான். இரவு நெடுநேரம் தாயும் உடன் விழித்திருந்து ஊக்கம் தருவார். வீண் வேலை என்று அந்தத் தாய் சொல்லியிருந்தால் உலகம் ஒரு கலைஞனை இழந்திருக்கும்.

பேருந்தில் கிடைத்த நட்பு

ஸ்பீக் என்னும் புறநகருக்குக் குடும்பம் மாறியபின், பள்ளிக்கு நெடுந்தொலைவு பேருந்தில் செல்ல வேண்டியிருந்தது. அப்பேருந்தில்தான் ஒரு வகுப்பு மேலே படித்த பால் மெக்கார்ட்னி நண்பரானார். பால் அவரை ஜான் லெனன் என்ற இளைஞரிடம் அழைத்துச் சென்றார். லெனனோ இரண்டு வயதுக்கு மேல் மூத்தவர். இந்தச் சிறுவனை எப்படிக் குழுவில் சேர்ப்பது என்று தயங்கினார். 1958-ஆம் ஆண்டு ஓர் இரவு, மாடிப் பேருந்தின் மேல்தட்டில் அமர்ந்து, அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஓர் இசைத் துண்டைச் சுருதி பிசகாமல் ஜார்ஜ் வாசித்துக் காட்டினார். தயக்கம் நீங்கியது. பதினைந்தே வயது நிரம்பியவர் குழுவில் இடம் பெற்றார்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ஒரு பெரிய கடையில் மின்சாரத் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். 1960-ஆம் ஆண்டு குழுவினருக்கு ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் நகரில் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. ஒரு திரையரங்கின் திரைக்குப் பின்னால் இருந்த இருட்டறையில் தங்கி, இரவு தோறும் பல மணி நேரம் இடைவிடாது வாசித்தார்கள். ஜார்ஜுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று தெரிந்ததும் காவல்துறையினர் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டனர். ஆயினும் அந்தக் கடும் உழைப்புத்தான் அவர்களைக் கலைஞர்களாக்கியது. மேதைகள் ஒரே நாளில் உருவாவதில்லை என்பதற்கு ஹாம்பர்க் இரவுகளே சான்று.

1962-ஆம் ஆண்டு ரிங்கோ ஸ்டார் தாளக் கலைஞராகச் சேர்ந்ததும் நால்வர் அணி முழுமை பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. 1964 பிப்ரவரி 9-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் தோன்றியபோது ஏழு கோடியே முப்பது லட்சம் மக்கள் கண்டார்கள் என்பர். 1965-இல் பிரிட்டிஷ் அரசியார் நால்வருக்கும் விருது அளித்துச் சிறப்பித்தார். லிவர்பூல் சந்தில் பிறந்த சிறுவனுக்கு இருபத்திரண்டு வயதிலேயே உலகப் புகழ் வந்து சேர்ந்தது.

நிழலில் நின்றவர்

ஆனால் புகழிலும் முன்வரிசை, பின்வரிசை உண்டு. குழுவின் பாடல்களை இயற்றியவர்கள் பெரும்பாலும் லெனனும் மெக்கார்ட்னியும்தான். ஜார்ஜின் பாடல்களுக்கு ஓர் இசைத்தட்டில் ஒன்றோ இரண்டோ இடம் கிடைத்தால் அதுவே பெரிது. 1963-இல் ஓர் ஓட்டல் அறையில் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, தம்மாலும் இயற்ற முடியுமா என்று பார்க்கத் தம் முதல் பாடலை அவர் இயற்றினார். அது சிறந்த பாடல் என்று அவரே கருதவில்லை. ஆனால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. மூத்தவர்கள் இருவரும் மேதைகளாக இருக்கும்போது, மூன்றாமவராக நின்று பொறுமையோடு கற்பது எளிதன்று. நம் வகுப்பிலும் வீட்டிலும் இத்தகைய மூன்றாமவர்கள் உண்டல்லவா? அவர்கள் ஜார்ஜை நினைத்துக்கொள்ளலாம்.

1969-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு நாள், வணிகக் கூட்டங்களிலும் கணக்கு வழக்குகளிலும் மனம் சலித்துப்போய், அன்றைய அலுவல்களுக்குச் செல்லாமல் நண்பர் எரிக் கிளாப்டனின் தோட்டத்துக்குப் போய்விட்டார். நெடிய குளிர்காலம் முடிந்து இளவெயில் விழுந்த அந்தத் தோட்டத்தில் நடந்துகொண்டே அவர் இயற்றியதுதான் கதிரவன் வருகையைப் பாடும் 'ஹியர் கம்ஸ் த சன்'. அவ்வாண்டே வெளியான 'சம்திங்' என்னும் பாடலை எத்தனையோ பாடகர்கள் தம் குரலில் பாடினார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர் பிராங்க் சினாட்ரா அதை மேடைகளில் வானளாவப் புகழ்ந்தார். ஆனால் இயற்றியவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும் என்றே பல காலம் அறிவித்துவந்தார்! தம் மிகச் சிறந்த பாடலுக்கும் பிறர் பெயர் சொல்லப்பட்டதைப் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது ஜார்ஜுக்கு.

சிதார் காட்டிய வழி

1965-இல் ஒரு திரைப்படக் காட்சிக்காக அமைக்கப்பட்ட இந்திய உணவுவிடுதியில் சிதாரை முதன்முதலாகக் கண்டு வியந்தார் ஜார்ஜ். அவ்வாண்டு இறுதியில் வெளியான பீட்டில்ஸ் பாடல் ஒன்றில் அதை வாசிக்கவும் செய்தார். ஆனால் முறையாகக் கற்காமல் வாசித்தது அவருக்கே மனநிறைவு தரவில்லை. 1966-இல் லண்டனில் சிதார் மேதை பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்தார். அவரையே குருவாக ஏற்று, அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா வந்தார். பம்பாயிலும் காஷ்மீரத்திலும் தங்கிப் பாடம் கேட்டார்.

பாடம் கேட்ட தொடக்க நாள்களில் நிகழ்ந்தது ஒன்று. தொலைபேசி மணி அடித்தது. ஜார்ஜ் சிதாரைக் கீழே வைத்து, அதைத் தாண்டிச் செல்லக் காலெடுத்தார். குரு உடனே அவர் காலில் தட்டினார். வாத்தியத்தை மதிப்பதுதான் முதற்பாடம் என்று உணர்த்தினார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் பிறந்தது முதல் உண்டு. உலகமே கைதட்டும் ஒருவர், தாழ்மையுடன் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டதுதான் வியப்பு. அக்கோபத்தில் இருந்த அன்பை அவர் அறிந்துகொண்டார். குருவும் சீடரும் முப்பத்தைந்து ஆண்டுகள் தந்தையும் மகனும் போல் வாழ்ந்தனர்.

சில ஆண்டுப் பயிற்சிக்குப்பின் ஜார்ஜ் ஓர் உண்மையை உணர்ந்தார். சிறு வயது முதல் சிதாரே உயிராகக் கொண்டவர்களுக்கு இணையாகத் தம்மால் ஆக முடியாது. தம் கருவி கிதார்தான். ஆகவே 1968-இல் கிதாருக்கே திரும்பினார். ஆனால் கற்றது வீண்போகவில்லை. விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை அவர் பின்னர்த் தம் தனி முத்திரையாக்கிக்கொண்டார். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இழைந்து செல்லும் அவ்வாசிப்பில் நம் கமகத்தின் சாயலைக் கேட்கலாம். தம் ஒரே மகனுக்கு அவர் வைத்த பெயர் 'தானி'. நம் ஏழு சுரங்களில் 'த', 'நி' என்னும் இரண்டைச் சேர்த்தமைத்த பெயர் அது.

வாழ்வில் வந்த திருப்பங்கள்

புகழோடு தீமைகளும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நாளைய இளைஞர் பலரைப்போல ஜார்ஜும் போதைப்பொருளைத் தொட்டுப்பார்த்தார். 1967 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், போதையில் ஆழ்ந்து தெருக்களில் சீரழிந்து கிடந்த இளைஞர் கூட்டத்தை நேரில் கண்டார். தம்மைத் தெய்வம்போல் எண்ணி அவர்கள் பின்தொடர்ந்தது அவரைத் திடுக்கிடச் செய்தது. எல்.எஸ்.டி. என்ற அந்தப் பொருளை அன்றோடு துறந்தார். தியானத்திலும் இறைத்தேடலிலும் மனத்தைச் செலுத்தினார். 1968-இல் ரிஷிகேசம் சென்று தங்கினார். பின்னர்க் கண்ணன் பக்தியில் ஈடுபட்டு, இறுதிவரை அதில் நிலைத்தார். தாயின் மடியில் கற்ற சமயத்தை விட்டு வேறு வழி சென்றவர் என்பதால் நம்மில் சிலருக்கு அவரைப்பற்றி வருத்தம் தோன்றலாம். எனினும் பணமும் புகழும் கையில் நிறைந்திருந்த இளமையிலேயே, இவை போதா, கடவுளைத் தேட வேண்டும் என்று உணர்ந்தது அவருடைய பெருமையே ஆகும். பிற சமயத்தவரின் நேர்மையான தேடலை மதிக்க வேண்டும் என்று நம் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நமக்குக் கற்பிக்கிறதன்றோ!

1970-இல் பீட்டில்ஸ் குழு கலைந்தது. அவ்வாண்டிலேயே அவர் பேரன்பு கொண்டிருந்த தாயும் மறைந்தார். ஆண்டின் இறுதியில் மூன்று தட்டுகள் கொண்ட பெரும் தொகுப்பாக 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வெளிவந்தது. குழுவில் இடம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த பாடல்கள் அவற்றில் பல. உலகம் வியந்தது. அதிலுள்ள 'மை ஸ்வீட் லார்டு', கிறிஸ்தவத் துதியையும் கண்ணன் நாமத்தையும் ஒரே பாட்டில் இணைத்த வேண்டுதல். குழுவைவிட்டுப் பிரிந்தபின் நால்வருள் முதன்முதலாகத் தனிப்பாடலால் முதலிடம் பெற்றவர் அமைதியான ஜார்ஜே!

அந்தப் பாடலே அவருக்குத் துன்பமும் தந்தது. 1963-இல் வெளியான வேறொரு பாடலின் மெட்டை ஒத்திருக்கிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனால் கேட்ட மெட்டு அடிமனத்தில் தங்கி, அவரை அறியாமலே வெளிப்பட்டிருக்கிறது என்று 1976-இல் நியூயார்க் நீதிபதி தீர்ப்பளித்தார். பெருந்தொகை செலுத்த நேர்ந்தது. எழுதும் ஒவ்வொரு மெட்டும் வேறெவருடையதோ என்ற அச்சம் சில காலம் அவரை வாட்டியது. கட்டுரைப் போட்டிக்கு எழுதும் நாமும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வங்கத்துக்காக ஒரு விழா

ஜார்ஜ் ஹாரிசன் செய்த செயல்களுள் தலையாயது எது என்றால், 1971 ஆகஸ்டு முதல் நாள் நடந்த இசைவிழாவைத்தான் சொல்ல வேண்டும். 1970 நவம்பரில் கிழக்கு வங்கத்தைப் பெரும்புயல் தாக்கி லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு அங்கே போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். முகாம்களில் காலரா பரவிற்று. குழந்தைகள் பசியால் மடிந்தனர். வங்காளக் குடும்பத்தில் பிறந்தவரான ரவிசங்கர் தாங்கொணாத் துயருற்றார். ஒரு கச்சேரி செய்து, இருபத்தைந்தாயிரம் டாலர் அளவில் திரட்டி அனுப்பலாம் என்று எண்ணிச் சீடரிடம் சொன்னார். சீடரோ பெரிதாகவே செய்வோம் என்று புறப்பட்டார்.

ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் எல்லாம் ஏற்பாடாயிற்று. ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பாப் டிலன், பில்லி பிரெஸ்டன் முதலியோர் ஊதியம் இன்றி வாசிக்க வந்தார்கள். நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் பிற்பகல் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வந்தனர். முதலில் ரவிசங்கரும் சரோத் மேதை அலி அக்பர் கானும் தபலா மேதை அல்லா ரக்காவும் அமர்ந்து சுருதி கூட்டினார்கள். அது கச்சேரியே என்று எண்ணி அமெரிக்க மக்கள் பலத்த கரவொலி எழுப்பினார்கள்! ரவிசங்கர் புன்னகையுடன் நன்றி சொல்லிவிட்டுக் கச்சேரியைத் தொடங்கினார். மேடையில் முன்னால் நிற்கக் கூசும் இயல்புடைய ஜார்ஜ், அன்று நிகழ்ச்சி முழுவதையும் தாமே முன்னின்று நடத்தினார். ஒரு நாட்டின் பெயரையும் அதன் துன்பத்தையும் ஒரே நாளில் உலகெங்கும் அறியச் செய்தார்.

அரங்கக் கட்டணமாகச் சேர்ந்த இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகை, யூனிசெஃப் எனப்படும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்குச் சென்றது. இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றால் வந்த பெரும்பணமோ வரிச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் முன்கூட்டியே முறையான ஏற்பாடு செய்யாததால், வரிவிலக்குக் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் பணம் முடங்கிக் கிடந்தது. 1985-க்குள் ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் அளவில் அந்நாட்டின் நலத்துக்குச் சென்று சேர்ந்தது என்றாலும், பசித்த நேரத்துக்கு வராத பணத்தை நினைத்து ஜார்ஜ் மிக வருந்தினார். நல்ல மனம் மட்டும் போதாது, கணக்கும் ஒழுங்கும் கூட வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். பின்னாளில் உலகில் நடந்த பெரிய நிதிதிரட்டு இசைவிழாக்களெல்லாம் அவர் போட்ட வழியில் நடந்தவைதாம். 1990-இல் ருமேனிய நாட்டின் அனாதைக் குழந்தைகளுக்காக மனைவி ஒலிவியா தொடங்கிய தொண்டிலும் அவர் துணைநின்றார்.

தோட்டத்தில் கண்ட அமைதி

ஹென்லி என்னும் ஊரில் ஃபிரையர் பார்க் என்ற பழைய மாளிகையை 1970-இல் ஜார்ஜ் வாங்கினார். அதுவரை அதன் உடைமையாளர் யார் தெரியுமா? புனித ஜான் போஸ்கோவின் வழிநடக்கும் சலேசிய அருட்சகோதரியர்! அவர்கள் விட்டுச் செல்லும்போது கட்டடம் பழுதுற்றும் தோட்டம் புதர் மண்டியும் இருந்தன. உலகப் புகழ்பெற்ற அந்தக் கலைஞர் மண்வெட்டியும் கையுமாகத் தாமே இறங்கிப் பணியாளரோடு பாடுபட்டார். ஆயிரக்கணக்கில் செடிகளும் மரங்களும் நட்டார். 1980-இல் வெளியான தம் வாழ்க்கை நூலை உலகெங்கும் உள்ள தோட்டக்காரர்களுக்கே காணிக்கையாக்கினார்.

நம் மாநிலத்தோடும் அவருக்கு ஓர் உறவு உண்டு. 1974-இல் ரவிசங்கரோடு அவர் நடத்திய இசைப் பயணத்தில் மிருதங்க வித்வான் டி.வி. கோபாலகிருஷ்ணனும் வயலின் மேதை எல். சுப்பிரமணியமும் பங்குகொண்டனர். 1996-இல் ரவிசங்கரின் வேத மந்திர இசைத்தொகுப்பைத் தயாரிக்க ஜார்ஜ் சென்னைக்கே வந்தார். ஒரு பகுதி சென்னையிலும் ஒரு பகுதி அவருடைய ஹென்லி இல்லத்திலும் ஒலிப்பதிவாயிற்று.

1999 டிசம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் மனநலம் குன்றிய ஒருவன் அவ்வீட்டில் புகுந்து ஜார்ஜைக் கத்தியால் பலமுறை குத்தினான். நுரையீரலில் காயம் பட்டது. மனைவி ஒலிவியா அஞ்சி ஓடவில்லை. கணப்பு அடுப்பின் இரும்புக் கோலையும் மேசை விளக்கையும் எடுத்துத் தாக்கிக் கணவரின் உயிரைக் காத்தார். பெண்ணின் துணிவுக்கு வேறு சான்றும் வேண்டுமோ!

கத்திக்குத் தப்பியவர் நோய்க்குத் தப்பவில்லை. இளமையிலேயே பழகிய புகைப்பழக்கம் அவர் உடலை உள்ளிருந்து அரித்தது. 1997-இல் தொண்டையில் புற்றுநோய் கண்டது. பின் நுரையீரலிலும் பரவியது. புகைத்ததன் பயனே இது என்பதை அவர் ஒளிக்கவில்லை. 2001 நவம்பர் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மனைவியும் மகனும் அருகிருக்க, ஐம்பத்தெட்டாம் வயதில் அமைதியாகக் கண்மூடினார். அவர் முடிக்காமல் விட்ட கடைசித் தொகுப்பை மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் முடித்து 2002-இல் வெளியிட்டார்கள். முதலாண்டு நினைவு நாளில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நண்பர்கள் கூடி இசையஞ்சலி செலுத்தினர். எண்பத்திரண்டு வயதான குரு ரவிசங்கர், சீடருக்கெனத் தாமே அமைத்த இசையை மகள் அனுஷ்கா நடத்த, அமர்ந்து கேட்டார்.

அன்புத் தோழியரே! மூத்தோர் நிழலில் பொறுமையுடன் நின்றவர், குருவின் முன் பணிந்தவர், பிறர் பசிக்குத் தம் கலையைத் தந்தவர் ஜார்ஜ் ஹாரிசன். தீய பழக்கம் ஒன்றை இளமையிலேயே உதறினார். மற்றொன்றை உதறாததால் உயிரையே இழந்தார். அவர் வாழ்வின் இருபக்கமும் நமக்குப் பாடம். நமக்கு இறைவன் தந்த திறமை பாட்டோ, படமோ, தையலோ, எதுவாயினும், அதை நாள்தோறும் பழகி வளர்ப்போம். வாய்ப்பு வரும் நாளில் அதை எளியவர்க்குப் பயன்பட வைப்போம்.